எம்.எஸ்சி. முடித்துவிட்டு சேல்ஸுக்கு: சென்னையில் அறிவியல் நிறுவன விற்பனை வேலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"எம்.எஸ்சி. படிச்சுட்டுப் பையைத் தூக்கிட்டு அலையப் போறியா?" உயிர்வேதியியல் முடித்த கையோடு முதல் ஆஃபர் லெட்டரை நீட்டியபோது அம்மா கேட்டது இது. அம்மா சொன்னதில் தப்பில்லை. பையும் இருந்தது, அலைச்சலும் இருந்தது. ஆனால் அந்தப் பையோடு நான் நுழைந்ததெல்லாம் ஆய்வகங்களுக்குள். படிக்கும்போது படத்தில் மட்டும் பார்த்த கருவிகளை அங்கேதான் தொட்டுப் பார்த்தேன்.

உங்கள் வீட்டிலும் இதே கேள்வி வரும். பதில் சொல்வது உங்கள் பாடு. இந்த வேலைக்குள் எப்படி நுழைவது, நுழைந்தபின் முதல் இரண்டு வருடத்தை எப்படி ஓட்டுவது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதல் படி: எதை விற்கப் போகிறீர்கள்?

"சயின்ஸ் சேல்ஸ்" என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே நான்கைந்து தனித்தனி உலகங்கள் இருக்கின்றன.

எல்லோருக்கும் தெரிந்தது மெடிக்கல் ரெப். மருத்துவரைப் பார்த்து மருந்தைப் பற்றிச் சொல்வது. அவர் உங்களிடம் வாங்குவதில்லை, எழுதுகிறார். வாங்குவது நோயாளி, சரக்கு வைப்பது ஸ்டாக்கிஸ்ட். அடுத்தது டயக்னாஸ்டிக்ஸ்: ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு அனலைசரும் (பரிசோதனைக் கருவி) ரீஏஜென்ட்டும் (அதில் ஊற்றும் சோதனை ரசாயனம்) விற்பது. பல இடங்களில் அனலைசரைக் காசு வாங்காமலே வைத்துவிடுவார்கள். மாதாமாதம் இவ்வளவு ரீஏஜென்ட் வாங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மூன்றாவது, ஆராய்ச்சிக்கான கன்ஸ்யூமபிள்ஸ், அதாவது பயன்படுத்தத் தீர்ந்துபோகும் பொருட்கள்: ஆன்டிபாடி, என்சைம், கிட், பிரைமர், பிப்பெட் டிப். சின்ன சின்ன ஆர்டர், ஆனால் ஓயாமல் வரும். நான்காவது, பகுப்பாய்வுக் கருவிகள்: எச்.பி.எல்.சி., ஜி.சி. (ஒரு கலவையில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளப்பவை), ஸ்பெக்ட்ரோமீட்டர் வகையறா. ஒரு ஆர்டர் பல லட்சம், அது கைக்கு வர ஒரு வருடம்கூட ஆகும். கடைசியாக, தொழிற்சாலைகளுக்குச் சிறப்பு ரசாயனம் விற்பவர்கள்.

இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? சம்பளத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பது என் கருத்து. உங்கள் கை எதில் பழகியிருக்கிறதோ அதில் தொடங்குங்கள். வேதியியல் படித்து, ப்ராஜெக்டில் ஆறு மாதம் எச்.பி.எல்.சி. முன்னால் உட்கார்ந்தவருக்கு, திரையில் பேஸ்லைன் கோடு ஆடினால், கருவிக்குள் ஓடும் பஃபர் கரைசலில் காற்றுக்குமிழி இருக்கலாம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களிடம் வாங்கப் போகிறவர் உங்களைவிட அதிகம் படித்தவர். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால், அதற்கு அடியில் இன்னொரு கேள்வி கேட்பார். அந்த இரண்டாவது கேள்வியைத் தாங்க பிரவுச்சர் உதவாது.

புதிதாக வருபவர்களுக்கு நான் கன்ஸ்யூமபிள்ஸைத்தான் சொல்வேன். கருவி விற்பவர் வருடத்துக்கு நாலைந்து ஆர்டர்தான் பார்ப்பார். டிப்பும் கிட்டும் விற்பவர் வாரத்துக்கு நாலைந்து பார்ப்பார். தப்புகளை மலிவாகச் செய்து கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: ஊரை வரைபடமாகப் பாருங்கள்

சென்னையில் இந்தத் தொழிலுக்கு ஒரு பூகோளம் உண்டு. கிண்டி, அடையாறு, தரமணி மூன்றையும் சேர்த்தால் சில கிலோமீட்டருக்குள்ளேயே ஒரு வாரத்துக்கான வேலை இருக்கிறது: சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், அண்ணா பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி.யும் அதன் ஆராய்ச்சிப் பூங்காவும், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கிங் இன்ஸ்டிடியூட், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, டைசல் உயிரித் தொழில்நுட்பப் பூங்கா. சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி, போரூரில் ராமச்சந்திரா, ஜி.எஸ்.டி. சாலையில் காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். ஓ.எம்.ஆரில் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் ஆலத்தூர் மருந்து ஆலைகள். வடக்கே மணலியில் பெட்ரோ ரசாயனம். கண்ணாடிச் சாமான், சில்லறை ரசாயனம் என்றால் இன்றும் பலர் பாரிமுனைப் பக்கம்தான் போகிறார்கள்.

உங்கள் டெரிட்டரி, அதாவது உங்களுக்கு ஒதுக்கும் பகுதி, சென்னையோடு நிற்காது. வேலூர், ஆம்பூர், புதுச்சேரி பெரும்பாலும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆம்பூரை ஒரு உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிறார்கள், செருப்பு தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். 2015 மே மாதத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி: தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது. அதைச் சோதிக்கும் முறை ஐ.எஸ்.ஓ. 17075. அதன் முதல் பகுதி நிறமானி முறை: தோலிலிருந்து பஃபரில் இறக்கிய கரைசலோடு டைஃபீனைல் கார்பசைடு சேர்த்து, வருகிற ஊதா நிறத்தை 540 நானோமீட்டர் அலைநீளத்தில் படிப்பது. இதற்கு நிறத்தின் அடர்த்தியை அளக்கும் சாதாரண ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் போதும். ஆனால் சாயமேற்றிய தோலாக இருந்தால், கரைசலிலேயே சாயம் இறங்கி அளவைக் கெடுக்கும். அங்கேதான் இரண்டாம் பகுதியான குரோமட்டோகிராஃபி முறை தேவைப்படுகிறது, அதற்கான கருவியின் விலை பல மடங்கு.

இப்போது ஒரு தோல் ஆலையின் ஆய்வகத்துக்குள் நுழைகிறீர்கள் என்று வையுங்கள். "உங்களுக்கு என்ன கருவி வேண்டும் சார்?" என்று கேட்பவர் ஒரு ரகம். "சார், கருப்புத் தோல் அதிகம் போடுறீங்களா? எக்ஸ்ட்ராக்ட்ல கலர் இறங்குதா?" என்று கேட்பவர் இன்னொரு ரகம். இரண்டாமவருக்கு நாற்காலி போடுவார்கள். விதி எங்கே மாறுகிறதோ அங்கே கருவி விற்கும். உணவுப் பாதுகாப்பு, மருந்துத் தரம், தண்ணீர், மாசு என்று எந்தத் துறையானாலும் எந்த விதி எந்தச் சோதனையைக் கேட்கிறது என்று பார்த்து வையுங்கள்.

மூன்றாம் படி: ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்

வேலைக்கு விண்ணப்பிக்கும் முன், உங்கள் துறையிலேயே இருக்கும் ஏதாவது ஒன்றை எடுத்து, ஒரு சோதனை முடிவுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்கிடுங்கள். எலைசா கிட் (ரத்தம் போன்ற மாதிரியில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது) நல்ல பயிற்சி. பெட்டியில் "96 டெஸ்ட்" என்று போட்டிருக்கும். பிளேட்டில் 96 குழி இருப்பது நிஜம். ஆனால் ஏழு ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த மாதிரி), ஒரு பிளாங்க் (அளக்கும் பொருள் இல்லாத மாதிரி), எல்லாவற்றையும் இரண்டிரண்டாகப் போட்டால் 16 குழி போச்சு. மீதி 80. சாம்பிளையும் இரண்டிரண்டாகப் போட்டால் 40 பேர். கிட்டின் விலை உதாரணத்துக்கு 40,000 ரூபாய் என்றால், ஒருவருக்கு 417 ரூபாய் என்று நினைத்தது 1,000 ரூபாய் ஆகிறது. அதுவும் பிளேட் முழுவதையும் ஒரே நாளில் ஓட்டினால்தான். வாரத்துக்கு எட்டு எட்டு சாம்பிளாக ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் ஸ்டாண்டர்டு போட வேண்டும். கணக்கு இன்னும் மோசமாகும்.

இந்தக் கணக்கை உங்கள் வாடிக்கையாளர் ஏற்கெனவே மனசுக்குள் போட்டு வைத்திருப்பார். நீங்களும் போட்டுக்கொண்டு போனால், "உங்க கிட் விலை ஜாஸ்தி" என்று அவர் சொல்லும்போது பேச ஏதாவது இருக்கும்.

நான்காம் படி: ரெஸ்யூமேயும் நேர்முகமும்

ரெஸ்யூமேயில் "எச்.பி.எல்.சி., பி.சி.ஆர்., எலைசா தெரியும்" என்று ஒரு வரி எழுதுவது வீண். எல்லோரும் அதையேதான் எழுதுகிறார்கள். "எச்.பி.எல்.சி.யின் சி-18 பிரிப்புக் குழாயில் (column) காபித்தூளிலிருந்து காஃபீன் அளந்தேன், மூன்று மாதம், குழாய் அடைத்துக்கொண்டபோது சரிசெய்தேன்" என்று எழுதுங்கள். கல்லூரி விழாவுக்கு ஸ்பான்சர் பிடித்தது, அப்பாவின் கடையில் கல்லாவில் உட்கார்ந்தது, டியூஷன் எடுத்தது எல்லாவற்றையும் எழுதலாம். இந்த வேலைக்கு அவை அனுபவம்தான். டூவீலர் லைசென்ஸ் இருந்தால் அதற்குத் தனி வரி கொடுங்கள். இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள்.

எங்கே தேடுவது? பெரிய பன்னாட்டுக் கருவி நிறுவனங்கள் புதியவர்களை எடுப்பது குறைவு. அவர்கள் பெயரில் ஊரில் விற்பதும் பெரும்பாலும் டீலர்கள்தான். ஆகவே உங்கள் துறையின் கருவிகளில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் ஸ்டிக்கரைப் பாருங்கள். சென்னை டீலரின் பெயரும் போன் நம்பரும் அதிலேயே இருக்கும். உங்கள் ஆய்வகத்துக்கு வாடிக்கையாக வரும் விற்பனை ஆளிடமே கேளுங்கள். என் முதல் வேலை அப்படித்தான் கிடைத்தது. எங்கள் லேபுக்கு டிப் சப்ளை செய்த அண்ணன், "எங்க ஆபீஸ்ல ஆள் தேடறாங்க, வர்றியா?" என்றார்.

நேர்முகத்தில் தவறாமல் வரும் கேள்வி: "ஆய்வை விட்டுவிட்டு ஏன் இங்கே?" "எனக்கு மனிதர்களோடு பழகப் பிடிக்கும்" என்று சொல்லாதீர்கள், அதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அலுத்துவிட்டது. மேலே போட்ட எலைசா கணக்கைச் சொல்லிப் பாருங்கள். மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

ஐந்தாம் படி: ஆஃபர் லெட்டரைப் படிப்பது

நிலையான சம்பளம் எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். இன்சென்டிவ் ஆர்டர் வந்ததும் தருவார்களா, வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகா? இது பெரிய வித்தியாசம். பெட்ரோலுக்குக் கிலோமீட்டர் கணக்கா, மாதத்துக்கு மொத்தமா? வெளியூர் போனால் தங்கும் செலவை முதலில் உங்கள் கையிலிருந்து போட வேண்டுமா? சேர்ந்த உடனே டார்கெட்டா, மூன்று மாதம் கழித்தா?

வேலை தருவதற்குப் பணம் கேட்டாலோ, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலோ, நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பயிற்சிக்காக பாண்ட் (இத்தனை மாதம் வேலையை விடமாட்டேன் என்ற ஒப்பந்தம்) கேட்டால், எத்தனை மாதம், எவ்வளவு தொகை, உண்மையில் என்ன பயிற்சி என்று எழுத்தில் வாங்குங்கள்.

பெண்கள் இந்தத் துறைக்கு வருவது பற்றித் தயக்கம் இருக்கிறது, அது பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்களின் தயக்கம். ஆய்வகங்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான் வேலை செய்கிறார்கள் என்பதை என் பத்து வருட அலைச்சலில் பார்த்திருக்கிறேன். வெளியூர்ப் பயணம், தங்குமிடம், இரவு திரும்பும் வண்டி பற்றி மட்டும் சேரும்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

ஆறாம் படி: முதல் மூன்று மாதம்

சீனியரின் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து சுற்றுங்கள். அவர் பேசுவதைவிட, எப்போது போகிறார் என்று கவனியுங்கள். மருத்துவமனை லேபுக்குக் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை போனால் திட்டுதான் கிடைக்கும், சாம்பிள் குவிகிற நேரம் அது. இரண்டு மணிக்கு மேல் போனால் டீ கிடைக்கும். பேராசிரியர்களை வகுப்புக்கு முன்னால் பிடிக்காதீர்கள். மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு முன் அனுமதி இல்லாமல் போனால் கேட்டிலேயே நிற்க வேண்டியதுதான்.

லேப் டெக்னீஷியன், ஸ்டோர் கீப்பர், அட்டெண்டர் அண்ணன், பர்ச்சேஸ் செக்‌ஷன் மேடம் எல்லோர் பெயரும் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். பேராசிரியர் ஃபைலில் கையெழுத்துப் போடுவார். ஃப்ரீசரில் யாருடைய கிட் தீர்ந்துபோகிறது என்பது டெக்னீஷியனுக்குத்தான் தெரியும். உங்கள் பில் எந்த மேஜையில் தூங்குகிறது என்பது பர்ச்சேஸ் மேடத்துக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் படிக்கட்டில் நின்றே நாலு வரி எழுதிவிடுங்கள். என்ன ஆராய்ச்சி, எந்தக் கருவி, எப்போது வாங்கியது, வாரன்டி எப்போது முடிகிறது, எந்த நிதியில் ஓடுகிறது. கம்பெனி சாஃப்ட்வேரில் ராத்திரி ஏற்றிக்கொள்ளலாம்.

ஏழாம் படி: பணம் வரும் வழி

தனியார் ஆலையில் வாங்குவது எளிது: தேவை எழுதுவார்கள், மூன்று கொட்டேஷன், பேரம், பி.ஓ. (வாங்கும் உத்தரவு). அரசு நிறுவனம் வேறு ரகம், அதைப் படித்தே ஆக வேண்டும்.

ஐ.ஐ.டி., தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற மத்திய அரசு நிறுவனங்கள் 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளைப் பின்பற்றுகின்றன. 2016இல் தொடங்கிய ஜெம் (GeM) என்ற அரசுக் கொள்முதல் இணையச் சந்தை வழியாக வாங்குவதும் உண்டு. பெரிய தொகை என்றால் இரண்டு உறை முறை: ஒன்றில் தொழில்நுட்ப விவரம், இன்னொன்றில் விலை. முதல் உறையில் தேறினால்தான் இரண்டாவதைப் பிரிப்பார்கள். தேறியவர்களில் யார் விலை குறைவோ அவர்தான் எல்1, ஆர்டர் அவருக்கு. டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை மதிப்பீட்டில் 2 முதல் 5 சதவீதம். மாநில அரசு நிறுவனங்களுக்கு 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளிகள் சட்டம். அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக வாங்குவது, 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்.

இதிலிருந்து உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? டெண்டர் வெளியான அன்று முதல்முறையாகப் போய் நின்றால் நேரம் கடந்துவிட்டது. ப்ராஜெக்ட் எழுதும்போதே பேராசிரியருக்குப் பட்ஜெட் கொட்டேஷன் (உத்தேச விலை) தேவைப்படும். அதைக் கேட்ட அன்றே கொடுப்பவரைத்தான் நிதி வந்ததும் கூப்பிடுவார்கள். மார்ச் 31க்குள் செலவாகாத நிதி பல திட்டங்களில் திரும்பிப் போய்விடும். அதனால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை உங்களுக்குக் கல்யாணம், காதுகுத்து எதுவும் கிடையாது. அந்த அவசரத்தில் சரக்கு இல்லாமல் "வந்துவிடும் சார்" என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். இறக்குமதிக் கருவி எட்டு வாரம் ஆகும் என்றால் எட்டு வாரம் என்றே சொல்லுங்கள்.

எட்டாம் படி: டெமோவும் இன்ஸ்டலேஷனும்

டெமோவுக்குப் போகும்போது கம்பெனி சாம்பிளை மட்டும் ஓட்டிக் காட்டாதீர்கள். அவர்களுடைய சாம்பிளை, அதிலும் அவர்களுக்குத் தொந்தரவு தருகிற சாம்பிளைக் கேட்டு வாங்குங்கள். முந்தின நாளே மின் இணைப்பு, யு.பி.எஸ்., எர்த்திங் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

இடத்தையும் அளந்துவிடுங்கள். இது நான் பட்ட பாடு. ஒரு கல்லூரிக்கு நாலடி பயோசேஃப்டி கேபினெட் (கிருமிகளைப் பாதுகாப்பாகக் கையாளும் பெட்டி) விற்றேன், என் முதல் பெரிய ஆர்டர். லாரி வந்து நின்றது. ஆய்வகம் மூன்றாம் மாடியில். கேபினெட் லிஃப்டுக்குள் நுழையவில்லை. எட்டு பேர் படிக்கட்டு வழியே தூக்கினார்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் என் உயிர் போய் வந்தது. மேலே கொண்டுபோனால் கதவு ஒன்றரை இன்ச் குறுகல். கார்ப்பென்டரைக் கூப்பிட்டு நிலையைக் கழற்றி, உள்ளே தள்ளி, திரும்ப மாட்டிக் கொடுத்தபோது இரவு ஒன்பது மணி. துறைத்தலைவர் மேடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. "தம்பி, அடுத்த தடவை டேப் கொண்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து பையில் அளவு நாடா இருக்கிறது. கதவு, லிஃப்ட், படிக்கட்டுத் திருப்பம், மேஜை ஆழம், எல்லாம் கொட்டேஷனுக்கு முன்பே.

குளிர்ச் சங்கிலிப் பொருட்களுக்கும் இதே எச்சரிக்கை. மைனஸ் 20 டிகிரியில் இருக்க வேண்டிய என்சைம் வெள்ளிக்கிழமை மாலை கூரியரில் கிளம்பினால், ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கும். சென்னை வெயிலில் ஐஸ் பேக் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. திங்கள் அனுப்பச் சொல்லுங்கள், பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

கருவி பொருத்திய பிறகு வரும் போனைத்தான் பலர் எடுப்பதில்லை. ஆர்டர் முடிந்தது, இனி சர்வீஸ் இன்ஜினியர் பாடு என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு பழுதுக்கு உடனே தீர்வு இல்லாவிட்டாலும் போனை எடுத்து, "இன்ஜினியர் புதன்கிழமை வருவார்" என்று தேதி சொல்லுங்கள். எனக்கு வந்த பெரிய ஆர்டர்களில் பாதி, பழைய கருவி பழுதான நாட்களில் போனை எடுத்ததால் வந்தவை.

ஒன்பதாம் படி: கை நீளும்போது

யாராவது ஒருநாள் "எனக்கு என்ன?" என்று கேட்பார். வாயால் கேட்காவிட்டாலும் ஜாடை இருக்கும். மருந்து நிறுவனங்களுக்கு 2024இல் வந்த சீரான சந்தைப்படுத்தல் நெறிமுறை, மருத்துவருக்கோ குடும்பத்தாருக்கோ பரிசு தருவதைத் தடை செய்கிறது. மற்ற துறைகளிலும் இது லஞ்சம்தான். "கம்பெனியில் அப்படி வழி இல்லை சார், வேண்டுமானால் வாரன்டியை ஒரு வருடம் கூட்டிக் கேட்டுப் பார்க்கிறேன், எழுத்தில் தருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். சில ஆர்டர் போகும். எனக்கும் போயிருக்கிறது.

இதே ரகத்தில் இன்னொன்று: உங்கள் கருவி மட்டும் பொருந்துகிற மாதிரி டெண்டர் விவரக்குறிப்பை எழுதித்தரச் சொல்வார்கள். போட்டிக்காரர் டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டால், மாட்டிக்கொள்பவர் பேராசிரியர்தான். எந்தச் சோதனைக்கு எந்தத் துல்லியம் தேவை, ஏன் தேவை என்று மட்டும் எழுதிக் கொடுங்கள்.

இரண்டு வருடம் கழித்து

அதற்குள் மூன்று வழி தெரியும். கருவியோடு பழகுவதே பிடிக்கிறதென்றால் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் (வாடிக்கையாளருக்குக் கருவியை ஓட்டக் கற்றுத்தருபவர்), கணக்கும் திட்டமும் பிடித்தால் ப்ராடக்ட் மேனேஜர், ஆட்களும் ஊரும் பிடித்தால் ஏரியா மேனேஜர். கொஞ்சம் சேமிப்பும் துணிச்சலும் இருப்பவர்கள் சொந்த டீலர்ஷிப் எடுக்கிறார்கள். எடுப்பதற்கு முன், அரசு பில் மாதக்கணக்கில் தள்ளிப்போனாலும் தாங்குகிற அளவுக்குக் கையில் பணம் இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பாருங்கள்.

கம்பெனி மாறுவதானால், முடியாத புகார்கள், வர வேண்டிய பணம், கொடுத்த வாக்குகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அடுத்தவரிடம் ஒப்படையுங்கள். வாடிக்கையாளரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த மாதம் வேறு விசிட்டிங் கார்டோடு நீங்கள் போகப் போவது அதே கிண்டி, அதே தரமணி, அதே பர்ச்சேஸ் மேடத்திடம்தான்.